நார்க்கட்டி என்றாலே கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு மகளிர் பக்கத்தில், கர்ப்பப்பை நார்க்கட்டி (கர்ப்பப்பைத் தசையில் வளரும் 'ஃபைப்ராய்டு' கட்டி) உள்ளவர்கள் 'குழந்தை பெற்று முடித்திருந்தால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதே நிம்மதி' என்று அச்சாகியிருந்த வரியைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. இதே வார்த்தைகளை 34 வயதில், உதகையில் ஒரு மருத்துவமனையில் நான் கேட்டிருக்கிறேன். ஸ்கேன் அறிக்கையை முழுதாகப் படிக்காமலேயே, "இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே, இனி இந்தப் பை எதற்கு?" என்றார்கள்.

பிறகு கோயம்புத்தூரில் பார்த்த பெண் மருத்துவர், மருந்துச் சீட்டின் பின்புறத்தில் கர்ப்பப்பையை வரைந்து, கட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று விளக்கினார். உட்குழிக்குள் துருத்தும் கட்டி சிறியதாயினும் உதிரப்போக்கை அதிகமாக்கும், கரு தங்குவதையும் தடுக்கலாம். வெளிப்புறம் வளர்வது பெரிதானாலும் சிறுநீர்ப்பையை அழுத்துவதோடு நின்றுவிடலாம். என்னுடையது உட்குழியில் இருந்ததால், வயிற்றைக் கிழிக்காமல் கர்ப்பப்பை வாய் வழியே கருவி செலுத்தி அகற்றினார்கள். கர்ப்பப்பை இன்றும் என்னிடம் இருக்கிறது.

பெரும்பாலான நார்க்கட்டிகள் புற்றுநோய் அல்ல என்பதும், தொல்லை தராதவற்றுக்குச் சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம் என்பதும், மாதவிலக்கு நின்றபின் அவை பொதுவாகச் சுருங்கும் என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. உதிரப்போக்கைக் குறைக்கும் மாத்திரைகளும், கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சுரக்கும் சாதனமும், கட்டியை மட்டும் நீக்கும் அறுவைச் சிகிச்சையும் உண்டு. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டதும், அதை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குத் தெரியாமலா இருக்கும்? அந்தக் கட்டுரையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

முன்பு இரத்தசோகை பற்றி எழுதியபோதும் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடச் சொன்னதோடு முடித்துக்கொண்டீர்கள். கோத்தகிரிச் சரிவுகளில் மழையில் கொழுந்து பறிக்கும் பெண்கள், இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளுக்குள் உதிரத்தில் நனைந்த துணியை மாற்ற மறைவிடம் இல்லாமல் தேயிலைப் புதர்களுக்கிடையே குந்துவதை நான் கண்டிருக்கிறேன். மாதந்தோறும் உடம்பிலிருந்து இத்தனை உதிரம் போய்க்கொண்டிருக்கையில் கீரை மட்டும் எப்படி ஈடுகொடுக்கும்? நகம் வெளுத்து, ஏற்றத்தில் மூச்சிரைப்பதை அவர்கள் வயதின் தளர்ச்சி என்றே எண்ணுகிறார்கள். ஏன் இவ்வளவு போகிறது என்று கேட்கச் சொல்வதற்கு ஆளில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கட்டி இருப்பது தெரிந்ததும், பிள்ளை பிறக்காது என்று தீர்மானித்துக் கல்யாணப் பேச்சையே முறித்தார்கள். நார்க்கட்டி இருந்தும் கருவுற்றுப் பிள்ளை பெற்றவர்கள் ஏராளம் என்று தங்கள் பக்கம் எழுதியிருந்தால், அந்தப் பெண்ணின் தாயாவது எடுத்துச் சொல்லியிருப்பார்.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், மகப்பேறு மருத்துவர் ஒருவரைக் கொண்டு இந்தச் சிகிச்சைகளை விளக்கி எழுதச் செய்யுமாறும், அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பள்ளி ஆசிரியை,
கோத்தகிரி.