1806-இல் ஏது லிங்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழில் வரும் சரித்திர மர்மத் தொடரை முதல் வாரத்திலிருந்து படித்துவருகிறேன். வேலூர்க் கோட்டை, 1806 ஜூலை, கொல்லப்பட்டுக் கிடக்கும் ஒரு துபாஷி, அதாவது வெள்ளைக்காரர்களின் மொழிபெயர்ப்பாளன். எங்கள் ஊரை வைத்தும் ஒருவர் எழுதுகிறாரே என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லிப் படிக்கவைத்தவன் நான். இப்போது அந்த நாலு பேருக்கும் பதில் சொல்ல முடியவில்லை.

பதினேழாம் அத்தியாயத்தில் கதாநாயகன் நள்ளிரவில் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோவிலுக்குள் நுழைகிறான். தூங்காவிளக்கின் ஒளியில் லிங்கத்தை வணங்கிவிட்டு, ஆவுடையாருக்கு அடியில் கைவிட்டு ரகசிய ஓலையை எடுக்கிறானாம். எந்த லிங்கம் ஐயா? 1806-இல் அந்தக் கருவறையில் ஏது லிங்கம், ஏது விளக்கு?

தங்களுக்குத் தெரியாததா? பல தலைமுறைகள் சாமியே இல்லாமல் கிடந்த கோவில் அது. வெள்ளைக்காரர்கள் அதில் ஆயுதங்களைப் போட்டுவைத்திருந்தார்கள். பக்கத்துச் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தது 1981 மார்ச் மாதத்தில்.

சிறுவயதில் பாட்டியோடு கோட்டைக்குப் போவேன். கருவறைப் பக்கம் போனாலே வௌவால் வாடை குப்பென்று அடிக்கும். பாட்டி அந்த இருட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். "யாரைப் பாட்டி கும்பிடுகிறாய்?" என்று கேட்டால், "போனவர் வரமாட்டாரா?" என்பாள். அவர் வந்த நாளில் கூட்டத்தில் என் வலது செருப்பு போயிற்று. ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தேன். பாட்டி அதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த வெறும் கருவறையில்தான் தங்கள் எழுத்தாளர் ஒரே வரியில் விளக்கேற்றிவிட்டார்.

என் மாமனார் வீடு கும்பகோணம். கல்யாணமான புதிதில் பந்தியில் உட்காரவைத்தே கேட்பார்கள்: "சாமியில்லாத கோவில், ராஜாவில்லாத கோட்டை, தண்ணீரில்லாத ஆறு, அந்த ஊர்தானே மாப்பிள்ளை?" சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன், வேறென்ன செய்ய? சரித்திரக் கதை என்றால் காவிரிக்கரை. வட ஆற்காடு என்றால் வெயில், பிரியாணி, ஆஸ்பத்திரி. தாங்களும் ஒருமுறையாவது ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பீர்கள். எதிரே போய்க் கோட்டையை எட்டிப் பார்த்தீர்களா?

இன்னொன்று. ஜூலை 10 விடியுமுன் கோட்டையிலிருந்த சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்து எழுந்தார்கள். ஆற்காடு பதினாறு மைல். வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி அங்கிருந்து குதிரைப்படையோடு அன்று காலையிலேயே வந்து இறங்கிவிட்டான், மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நம் துப்பறிவாளனுக்கோ கொலைகாரனைப் பிடிக்க அவகாசம் வேண்டும். அதற்காகக் கில்லஸ்பியின் குதிரைகளை ஆற்காட்டிலேயே இரண்டு நாள் கொள்ளு தின்னவைத்துவிட்டார் எழுத்தாளர்! அந்த இரண்டு நாள் நிஜமாகவே கிடைக்காதா என்றுதான் ஐயா அந்தக் கோட்டைக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். போதாததற்கு, வேலூரிலிருந்து ஆற்காட்டுக்குப் போகிற தூதுவன் பாலாற்றைப் பரிசலில் கடக்கிறான். இரண்டு ஊரும் தென்கரையில்தான் இருக்கின்றன. கடந்தவன் திரும்பவும் ஒருமுறை கடந்தால்தான் ஆற்காடு போய்ச் சேருவான்.

எல்லாமே குறை என்று சொல்லமாட்டேன். தலைப்பாகை அத்தியாயம் அருமை. நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்ததும், ஒரு கிழட்டுச் சிப்பாய் அதைத் தலையில் வைக்காமல் முதலில் முகர்ந்து பார்க்கிறான். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பது வருஷம் கணக்கெழுதியவன் நான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்றுநேரம் உட்கார்ந்திருந்தேன். இப்படி எழுதத் தெரிந்தவர் ஒருநாள் பஸ் ஏறி வந்து கோவிலைப் பார்க்கக் கூடாதா என்பதுதான் வயிற்றெரிச்சல்.

மூன்று வருஷத்துக்கு முன் தங்கள் சுற்றுலா இணைப்பில் கண்டியின் கடைசி மன்னர் விக்கிரமராஜசிங்கனின் சமாதியைத் தஞ்சாவூருக்கு மாற்றினீர்கள். 1832-இல் வேலூரில் கைதியாக இறந்தவர் அவர். சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது, நான் நடைப்பயிற்சி போகிற வழி. கடிதம் எழுதினேன், வெளியிடவில்லை. அந்த வாரம் டிகிரி காபியைப் பற்றி மூன்று கடிதங்கள் வந்திருந்தன. காபியும் முக்கியம்தான், மறுக்கவில்லை.

தொடர் புத்தகமாகும்போது அந்த ஓலையைத் தயவுசெய்து கருவறையிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். கல்யாண மண்டபத்தில் அத்தனை தூண்கள், அத்தனை யாளிகள், ஒரு ஓலைக்கா இடமில்லை?

சென்ற வாரம் எனக்கு வந்த பிரதியில் 41 முதல் 44 வரையிலான பக்கங்கள் இரண்டு முறை இருக்கின்றன. 45 முதல் 48 வரை இல்லை. கடைக்காரரிடம் வேறு பிரதியும் இல்லை. அந்த நான்கு பக்கங்களை மட்டும் தபாலில் அனுப்பிவைத்தால் போதும். துபாஷியின் கையில் இருந்தது யாருடைய தலைப்பாகை என்று தெரியாமல் இந்த வார அத்தியாயத்தைப் பிரிக்க மனம் வரவில்லை.

இப்படிக்கு,
இருபத்தாறு வருஷச் சந்தாதாரர்,
கொசப்பேட்டை, வேலூர்.