இறங்குசாலை வளைவில் டேங்கருக்குத் தனி வேகப் பலகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவை உப்பிலிபாளையம் மேம்பாலத்தில் 2025 ஜனவரி 3 விடியற்காலை எரிவாயு டேங்கர் கவிழ்ந்த செய்தியைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து படித்தேன். கொச்சியிலிருந்து 18 டன் எரிவாயுவோடு வந்த வண்டி. பாலத்தின் மேல் திரும்பும்போது லாரியையும் டேங்கையும் இணைக்கும் பாகம் விட்டுப்போய், டேங்க் சாய்ந்துவிட்டது. அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. எங்கள் வீட்டில் பல நாள் அதே பேச்சு. டர்பன் துறைமுகத்தை ஒட்டிய ஐலண்ட் வியூ கிடங்குகளில் பெட்ரோலும் டீசலும் ஏற்றி ஓட்டித்தான் நான் குடும்பத்தைக் காப்பாற்றினேன். இப்போது என் மகன் அதே வேலையில் இருக்கிறான்.

டேங்கர் கவிழ்ந்தால் ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எல்லா ஊரிலும் வழக்கமாகிவிட்டது. வளைவில் அந்த டேங்குக்குள் என்ன நடக்கிறது என்று படிப்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

பெட்ரோல் வெயிலில் விரியும். அதனால் டேங்கை வாய்வரை நிரப்ப முடியாது. மேலே இடம் விட்டாக வேண்டும். உள்ளே அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். ஓர் அறையை முழுதாக இறக்கிவிட்டால் தொல்லை இல்லை. ஆனால் பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டியில் இடம் போதாமல், மீதியை வைத்துக்கொண்டு கிளம்பு என்று சொல்லும் நாளும் வரும். அந்தப் பாதி அறைதான் ஆபத்து. உள்ளிருக்கும் தடுப்புத் தகடுகள், பிரேக் பிடிக்கும்போது எண்ணெய் முன்னால் பாய்வதைத் தணிக்கும். பக்கவாட்டில் அலைவதைத் தடுக்காது. வண்டி திரும்பும்போது எண்ணெய் வெளிச்சுவரில் ஏறும். ஸ்டீயரிங்கை நேராக்கிய பிறகும் உடனே அடங்காது. சற்றுத் தாமதித்து மறுபக்கம் வந்து மோதும். டர்பனில் N2 நெடுஞ்சாலையிலிருந்து N3 நெடுஞ்சாலைக்குத் திரும்பும் இணைப்புச் சாலையில் அந்த மோதலை இடுப்பில் உணர்ந்திருக்கிறேன். இருக்கை ஒரு பக்கம் அமுங்கும். அடுத்த கணம் யாரோ தோளைப் பிடித்துத் தள்ளியது போலிருக்கும். அதைவிடக் கொடுமை, ஒன்றுமே உணராமல் போவது. பின்னால் ட்ரெய்லரின் உள்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்போது முன்னால் கேபினில் இருப்பவருக்குத் தெரியாது. கண்ணாடியில் பார்ப்பதற்குள் காரியம் கைமீறிவிடும்.

கொஞ்சம் வேகம் கூடினால் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்கிறார்கள். வளைவில் வண்டியை வெளியே தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 40 கிலோமீட்டரில் போக வேண்டிய வளைவில் 60-ல் போனால், அது இரண்டேகால் மடங்கு. நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் இறங்குசாலையின் முகப்பில் பலகையில் எழுதியிருக்கும் வேகம் காருக்குச் சரியாக இருக்கும். பாரம் உயரத்தில் இருக்கிற, அந்தப் பாரமும் அலைந்துகொண்டே இருக்கிற டேங்கருக்கு அது பொருந்தாது. லாரி சாய்வது போன்ற எச்சரிக்கைப் படம் சில இடங்களில் உண்டு. எத்தனை கிலோமீட்டரில் போக வேண்டும் என்று அந்தப் படம் சொல்வதில்லை. வண்டியின் விலாவிலும் முதுகிலும் சரக்கின் எண்ணோடு ஆரஞ்சு நிறப் பலகை மாட்டியிருக்கிறோம்: பெட்ரோலுக்கு 1203, டீசலுக்கு 1202. தீயணைப்புப் படையினர் வந்து படிப்பதற்காக. விபத்துக்குப் பின் படிக்க வேண்டியதை இவ்வளவு அக்கறையாக எழுதுகிறவர்கள், விபத்துக்கு முன் ஓட்டுநர் படிக்க வேண்டிய எண்ணையும் எழுதலாமே.

அமெரிக்காவில் 2007 ஏப்ரல் 29 அன்று ஓக்லாந்தின் இணைப்புச் சாலை ஒன்றில் பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்து எரிந்ததில் மேலே சென்ற சாலை இடிந்து விழுந்தது. ஓட்டுநர் தீக்காயங்களோடு பிழைத்தார். 2023 ஜூன் 11 அன்று பிலடெல்பியாவில் ஐ-95 நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வளைவில் மறுபடி அதேதான். சுமார் 32,000 லிட்டர் பெட்ரோல். பாலம் இடிய, அதைத் தாங்கும் எஃகு உருக வேண்டியதே இல்லை. 600 டிகிரியை நெருங்கும்போதே ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும். இந்த முறை ஓட்டுநர் இறந்துபோனார். 12 நாளில் போக்குவரத்தைத் திறந்ததைப் பாராட்டி எழுதியவற்றை நிறையப் படித்தேன். அந்த மனிதருக்காக வருந்தி எழுதியவை எனக்குக் கிடைக்கவில்லை.

இங்கே தென்னாப்பிரிக்காவில், 2022 டிசம்பர் 24 அன்று போக்ஸ்பர்க் நகரில் உயரம் குறைந்த பாலத்தடியில் எரிவாயு டேங்கர் சிக்கி வெடித்தது. பக்கத்தில் மருத்துவமனை. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் வேலையாக ஓட்டுநரைக் கைது செய்தார்கள். பிறகு ஆதாரம் போதவில்லை என்று விடுவித்தார்கள். இந்த நாட்டில் அபாயச் சரக்கு ஓட்ட 25 வயது நிரம்ப வேண்டும். தனிப் பயிற்சி, தனி அனுமதி, மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு. இவ்வளவும் பார்த்து எடுத்த ஆளிடம் நேரத்தைச் சொல்லி விரட்டுகிறார்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் தாமதமானால் படித்தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். வளைவில் நிதானித்தேன் என்றால் அங்கே எடுபடாது.

சட்டத்தை மாற்ற முடியாது என்று சொல்லாதீர்கள். டர்பனை அடுத்த பைன்டவுனில் ஃபீல்ட்ஸ் ஹில் என்ற மலைச்சாலை இறக்கத்தில் 2013 செப்டம்பர் 5 அன்று ஒரு கனரக லாரி மோதி 24 பேர் மாண்டார்கள். அதன் பிறகு ஐந்து அச்சும் அதற்கு மேலும் உள்ள லாரிகள் அந்த இறக்கத்தில் போகத் தடை வந்தது. தடை சரி. 24 உயிர் போகும்வரை காத்திருந்ததுதான் பொறுக்கவில்லை.

கார் ஓட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இறங்குசாலையில் டேங்கர் முன்னால் விடும் இடைவெளி நீங்கள் நுழைவதற்கான இடம் அல்ல. அதில் நுழைந்து நீங்கள் பிரேக் பிடித்தால், எங்களுக்கு வளைவிலேயே பிரேக் பிடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

தமிழ்நாட்டு நெடுஞ்சாலைத் துறையினர் இதைப் படித்தால், மேம்பால வளைவு ஒவ்வொன்றுக்கும் டேங்கர் வேகம் என்று ஓர் எண்ணைத் தனியே எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த எண்ணை முடிவு செய்யும் கூட்டத்துக்கு அதே வழியில் பாரம் ஏற்றிப் போகிற ஓட்டுநர் ஒருவரையும் அழையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டேங்கர் ஓட்டுநர்,
மெரிபேங்க், டர்பன், தென்னாப்பிரிக்கா