சில்லறைப் பாக்கெட்டுக்கு வங்கிக் கட்டணம்: காசு சேர்ப்பவர் என்ன செய்வார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபத்தில் மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சங்கத்துக் கல்லாவில் நாள்தோறும் சில்லறை எண்ணி எண்ணியே காசுகளின் மேல் ஒரு பற்று விழுந்து, இன்றுவரை நாணயம் சேர்ப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. கண்காட்சிகளில் விலை கொடுத்து வாங்கிச் சேர்க்கும் வசதி எனக்கு இல்லை. புழக்கத்தில் இருக்கும் காசுகளிலிருந்து பொறுக்கி எடுப்பவன். எங்கள் பகுதி வங்கிக் கிளை ஒன்றில் சில்லறைப் பாக்கெட்டுகளுக்கு அண்மையில் கட்டணம் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். அது என்னைப் போன்றவர்களை எப்படிப் பாதிக்கிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். கிளையின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் பேச்சு அந்தக் கிளையோடு நின்றுவிடும்.

இந்தப் பொழுதுபோக்கு நடக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வங்கிகள் காசுகளைத் தாளில் உருளையாகச் சுற்றிக் கொடுக்கும். கால் டாலர் என்றால் ஓர் உருளைக்கு நாற்பது, ஒரு சென்ட் என்றால் ஐம்பது. அங்குள்ளவர்கள் அதை வாங்கிப் பிரித்து, 1964ஆம் ஆண்டோ அதற்கு முந்திய ஆண்டோ பொறித்த வெள்ளிக் காசு ஒன்றாவது அகப்படாதா என்று தேடுவார்கள். நம் ஊரில் உருளை கிடையாது, நூறு நூறாகப் போட்ட பிளாஸ்டிக் பாக்கெட்தான். நம் புழக்கக் காசுகளில் வெள்ளியும் கிடையாது. மற்றபடி தேடலில் வேறுபாடு இல்லை. நூறு ரூபாய் கொடுத்து நூறு ஒரு ரூபாய்க் காசுகள் வாங்கி, வீட்டுத் திண்ணையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டிய இரண்டு மூன்றை எடுத்து வைத்துக்கொண்டு, எடுத்த கணக்குக்குப் பையிலிருந்து வேறு காசு போட்டு நிரப்பி, பாக்கெட்டைத் திரும்ப வங்கியிலேயே கட்டிவிடுவோம். முகமதிப்புக்கு வாங்கி முகமதிப்புக்கே திருப்பிக் கொடுப்பதால் செலவு என்று ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையும் ஓய்வூதியக்காரரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையாக இது இருந்ததற்கு அதுவே காரணம்.

ஒரு ரூபாயில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஆண்டெண்ணின் கீழே கண்ணை இடுக்கிப் பார்த்தால் வைர வடிவம் தெரிந்தால் அது மும்பையில் அடித்தது, நட்சத்திரம் என்றால் ஐதராபாத், புள்ளி என்றால் நொய்டா, குறியே இல்லையென்றால் கொல்கத்தா. ஆக ஓர் ஆண்டின் காசு என்றால் நான்கு நாணயச் சாலைகளின் குறிகளையும் தேட வேண்டும். ஏதாவது ஒன்று பல மாதம் கண்ணில் படாமல் அலைக்கழிக்கும். 1990களின் பிற்பகுதியில் மாஸ்கோவிலும் ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சாவிலும் அடித்து வரவழைத்த காசுகள்கூட நம் சந்தைச் சில்லறையோடு கலந்து கிடக்கின்றன. 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்தோடு வெளிவந்த காசு, 2003 என்று ஆண்டிட்ட காமராசர் நூற்றாண்டு ஐந்து ரூபாய், அண்ணாவின் தமிழ்க் கையெழுத்தையே பொறித்து 2009இல் வந்த ஐந்து ரூபாய் ஆகியவற்றைத் தேடாத சேகரிப்பாளர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. 1992 முதல் வந்த துருப்பிடிக்காத எஃகு ஒரு ரூபாய்க் காசு 25 மில்லிமீட்டர் அகலமும் 4.85 கிராம் எடையும் கொண்டது. 2011இல் ரூபாய்க் குறியோடு வந்த புதிய இரண்டு ரூபாய்க் காசுக்கும் அதே அகலம், அதே எடை. புதிய ஒரு ரூபாயோ 22 மில்லிமீட்டராகச் சுருங்கி 3.79 கிராம் ஆகிவிட்டது. பேருந்து நடத்துநரும் மீன் விற்கும் பெண்களும் ஒன்றை மற்றொன்றாக நினைத்து வாங்கி ஏமாந்தால் அவர்கள் மேல் குற்றமில்லை. பார்வை குறைந்த என் மூத்த சகோதரி இன்றும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஒன்றா இரண்டா, தம்பி?" என்றுதான் கேட்பார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சென்ற மாதம் அந்தக் கிளையில் ஒரு ரூபாய்ப் பாக்கெட்டுகள் பத்து வாங்கினேன். பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய் 'ரொக்கம் கையாளும் கட்டணம்' என்றும், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்றும் சொல்லி, ஆயிரம் ரூபாய்ச் சில்லறைக்கு 59 ரூபாய் எடுத்துக்கொண்டார்கள். பார்த்து முடித்து, எடுத்த ஏழு காசுகளுக்கு ஏழு காசு போட்டு, அவர்கள் தந்த அதே பாக்கெட்டுகளில் நிரப்பி நான்காம் நாள் என் கணக்கில் கட்டப் போனபோது மறுபடியும் 59 ரூபாய் என்றார்கள். முழுவதையும் கட்டியிருந்தால் இருமுறையும் சேர்ந்து 118 ரூபாய். எனக்குக் கிடைத்ததோ ஏழு காசு. ஒரு ரூபாய்க் காசு ஒன்று எனக்கு ஏறத்தாழ 17 ரூபாய்ச் செலவில் கிடைத்திருக்கும். நான்கு பாக்கெட்டுகளை மட்டும் கட்டிவிட்டு மீதி ஆறையும் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

தொகையைவிடக் கட்டணத்தைக் கணக்கிடும் முறைதான் என்னை உறுத்துகிறது. பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று எண்ணிக்கையை வைத்து வாங்குவதால், பத்து ரூபாய்க் காசுகள் நூறு கொண்டுவருகிறவர் ஆயிரம் ரூபாய்க்கு ஐந்து ரூபாய் தருகிறார். ஒரு ரூபாய்க் காசுகள் நூறு கொண்டுவருகிறவர் நூறு ரூபாய்க்கே ஐந்து ரூபாய் தருகிறார். காசு சிறியதாகச் சிறியதாகச் சுமை கூடுகிறது. சிறிய காசு யார் கையில் சேரும் என்பது எல்லோருக்கும் தெரியும்: பெட்டிக்கடைக்காரர், கடற்பாசி எடுத்து விற்கும் பெண்கள், உண்டியலில் சேமிக்கும் பிள்ளைகள், பிறகு எங்களைப் போன்ற காசுப் பைத்தியங்கள்.

பிள்ளைகளைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் என் திண்ணைக்கு வருவார்கள். அவர்களில் இருவர் பாம்பன் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். இரயிலில் வரும் யாத்திரிகர்கள் பாலத்திலிருந்து கடலில் போடும் காசுகளைக் கயிற்றில் காந்தம் கட்டி இழுத்துக்கொண்டுவந்து, கறுத்துப்போன அந்தக் காசுகளைப் பெருமையோடு காட்டுவார்கள். காந்தத்தில் எஃகுக் காசு மட்டுமே ஒட்டும், பித்தளை நிற ஐந்து ரூபாயும் இரு உலோகப் பத்து ரூபாயும் ஒட்டாது என்பதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். 'அப்படியானால் பெரிய காசெல்லாம் கடலுக்கடியிலேயே கிடக்குமா, தாத்தா?' என்று ஒருவன் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை. வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே அழகன்குளத்தில் தொல்லியல் துறை அகழ்ந்தபோது ரோமானியக் காசுகள் கிடைத்ததையும், 'சேது' என்று தமிழில் பொறித்து யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்திகள் காசு வெளியிட்டதையும் இந்தக் காசுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர்களுக்குச் சொல்வேன். பாடப்புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும் செய்தி, கையில் காசு இருந்தால் மறப்பதில்லை. இப்போது பாக்கெட் வாங்கவும் கட்டவும் காசு கேட்கிறார்கள் என்றதும், ஐம்பது ரூபாயைச் சேர்த்துக்கொண்டு வரும் பிள்ளையிடம் நான் என்ன சொல்வது?

வங்கி ஒதுக்கும் சில்லறை வேறு கைகளுக்குப் போவதையும் பார்க்கிறேன். ஆடி, தை அமாவாசை நாட்களில் இராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் தருமம் செய்ய வரும் கூட்டத்துக்குச் சில்லறை வேண்டும். நூறு ரூபாய்த் தாளுக்குத் தொண்ணூறு ரூபாய்ச் சில்லறை என்று கழிவு பிடித்துக் கொடுப்பவர்கள் அங்கே உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வெயிலில் நின்று அவர்கள் செய்வது ஒரு பிழைப்பு. ஆனால் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் பிடிக்கும் நடைபாதைக்காரரைவிட, வாங்கவும் கட்டவும் சேர்த்து 11 ரூபாய் 80 காசு பிடிக்கும் வங்கி எந்த வகையில் மேல் என்று கேட்கத் தோன்றுகிறது.

வங்கியின் பக்கமும் நியாயம் இருப்பதை நான் மறுக்கவில்லை. நானே கல்லாவில் உட்கார்ந்தவன். வரிசை வாசல்வரை நிற்கும்போது ஒருவர் சில்லறை மூட்டையை அவிழ்த்தால் வயிறு எரியும் என்பது எனக்குத் தெரியும். ஒரே காசாளரை வைத்துக்கொண்டு ஓடும் கிளைகள் இந்தக் கடற்கரையில் பல. நாள்தோறும் மூட்டை மூட்டையாகக் கட்டும் வியாபார நிறுவனங்களிடம் ஓரளவு கட்டணம் வாங்கினால் அதை எதிர்த்து நான் பேனா எடுத்திருக்க மாட்டேன். ஆனால் எந்தக் கிளையும் சிறு மதிப்பு நாணயங்களை வாங்க மறுக்கக் கூடாது என்றும், ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளை எடைபோட்டும் வாங்கலாம், நூறு நூறாக உறையிலிட்டு வாங்குவது காசாளருக்கும் வாடிக்கையாளருக்கும் எளிது என்றும் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. (இரண்டு அளவு ஒரு ரூபாய்க் காசுகளும் கலந்து கிடக்கையில் தராசை எப்படி நம்புவது என்பது வேறு விஷயம்.) 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள காசுகளை ஆயிரம் ரூபாய் வரை செலுத்தினால் அது சட்டப்படி செல்லும், வங்கிக் கணக்கில் கட்டுவதற்கோ அந்த உச்சவரம்பும் இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் விளக்கம். சேவைக் கட்டணத்தை அந்தந்த வங்கியின் இயக்குநர் குழுவே முடிவு செய்யலாம் என்றாலும், அது நியாயமானதாகவும் அந்தச் சேவைக்கு ஆகும் சராசரிச் செலவை விட்டு விலகாததாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. நானே எண்ணி, உறையிலிட்டு, பெயரெழுதிக் கொண்டுபோகும் பாக்கெட்டுக்கு அவர்களுக்கு ஆகும் செலவு என்ன?

செலவைப் பேசும்போது வரவையும் பேச வேண்டும். மக்களிடம் சில்லறையைக் கொண்டு சேர்ப்பதற்காக ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஊக்கத்தொகை தருகிறது. மூட்டைக்கு 25 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 2021 செப்டம்பர் 1 முதல் 65 ரூபாயாக உயர்ந்தது. கிராமப்புற, சிறுநகரக் கிளைகளில் கொடுத்தால் மூட்டைக்கு மேலும் 10 ரூபாய். எங்கள் ஊர்களை மனத்தில் வைத்தே அந்தப் பத்து ரூபாய் சேர்க்கப்பட்டதாக நான் எடுத்துக்கொள்கிறேன். கொடுப்பதற்கு அங்கே ஊக்கத்தொகை பெற்றுக்கொண்டு, வாங்குகிறவரிடமும் கட்டணம் பெறுவது இரட்டை வரவு அன்றி வேறென்ன?

எனவே கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் தனிநபருக்கு மாதத்தில் ஆயிரம் காசுகள் வரை வாங்குவதற்கும் கட்டுவதற்கும் கட்டணம் கூடாது. அதற்கு மேல் போனால் தொகையின் மதிப்பைப் பார்த்துக் கட்டணம் வாங்கட்டும், எண்ணிக்கையைப் பார்த்து வேண்டாம். கூட்டமில்லாத பிற்பகல் ஒன்றைக் கிழமைதோறும் சில்லறைக்கென்று ஒதுக்கினால் காசாளருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. கட்டணப் பட்டியலைத் தமிழில் எழுதிக் கவுண்டர் அருகே தொங்கவிட வேண்டும். நான் கேட்டபோது கணினித் திரையைத்தான் திருப்பிக் காட்டினார்கள். க்யூஆர் குறியைப் பயன்படுத்திச் சில்லறை தரும் இயந்திரங்களை 12 நகரங்களில் 19 இடங்களில் சோதனையாக வைக்கப்போவதாக ரிசர்வ் வங்கி 2023இல் அறிவித்தது. ஆண்டு முழுவதும் யாத்திரிகர் வந்து போகும் இராமேசுவரத்தில் அப்படி ஓர் இயந்திரம் வைத்தால் ஒருநாளும் சும்மா இருக்காது என்று என்னால் உறுதி சொல்ல முடியும்.

கிளை மேலாளருக்கு எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை பெற்றிருக்கிறேன். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுவேன். கட்டாமல் கொண்டுவந்த ஆறு பாக்கெட்டுகளில் இரண்டை எதிர்த்த டீக்கடைக்காரர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்; அவருக்குச் சில்லறை தட்டுப்பாடாம். மீதி நான்கும் அலமாரியில் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக் கணக்கர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.