பதிவுப் பக்கத்தை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் அறைப் பதிவுப் பக்கம் மறுபடி ஒழுங்காக ஓடுகிறது. விருந்தினர் தெரிந்தெடுத்த அறைக்குப் பதில் வேறு அறை பதிவான கதையைத் திரும்ப விரித்துச் சொல்லத் தேவையில்லை. விருந்தினரைத் தொலைபேசியில் அழைத்துச் சமாளித்த விடுதிக்காரர்கள், விடிய விடியப் பதிவுகளைச் சரிபார்த்த பிள்ளைகள், நேரம் பார்க்காமல் தேத்தண்ணி தந்த அக்கா, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

தம்பி, பெயர் போட வேண்டாம் என்றீர். போடவில்லை. ஆனால் உமக்குத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும்.

பிழையை மட்டும் திருத்தி அனுப்பிவிட்டு நீர் நித்திரைக்குப் போயிருக்கலாம். அந்த நேரத்திலும் வியூவில் (Vue, இணையப் பக்கங்களைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி) ஒரு சின்ன மாதிரி எழுதி அனுப்பினீர்: ஒரு தாய்க் கொம்போனென்ட் (பக்கத்தின் ஒரு பகுதி), அதற்குள் ஒரு பிள்ளைக் கொம்போனென்ட், மூன்று அறைகள் உள்ள ஓர் அரே, அதாவது பட்டியல். தாய் அந்த அரேயைப் பிள்ளைக்குப் புரொப்பாக (தாய் பிள்ளைக்கு அனுப்பும் தரவு) கொடுக்கிறது. பிள்ளை அதை விலைப்படி சோர்ட் செய்கிறது, அதாவது வரிசைப்படுத்துகிறது. உடனே தாயிடம் உள்ள பட்டியலும் இடம் மாறிவிடுகிறது!

புரொப்புக்கு நேரடியாகப் புது மதிப்பைக் கொடுத்தால் வியூ கொன்சோலில் (உலாவியில் நிரல் எழுதுபவர் பார்க்கும் செய்திப் பகுதி) எச்சரிக்கும். ஆனால் அரேயும் ஒப்ஜெக்ட்டும் (பெயரிட்ட விவரங்களின் தொகுப்பு) நகலாகப் போவதில்லை. தாயும் பிள்ளையும் வைத்திருப்பது ஒரே அரேயை. சோர்ட், ரிவர்ஸ், புஷ், ஸ்பிளைஸ் என்ற அரேக் கட்டளைகள் எல்லாம் அதையே மாற்றும், எச்சரிக்கையும் வராது. தெரிவான அறையை வரிசை எண்ணால் நினைவில் வைக்கும் பக்கத்தில் இது பெரிய ஆபத்து: எண் அப்படியே இருக்கும், அந்த இடத்தில் வேறு அறை நிற்கும்.

திருத்தம் இரண்டு வரிதான். கொம்பியூட்டட்டுக்குள் (வேறு தரவிலிருந்து வியூ கணக்கிட்டுத் தரும் மதிப்பு) மூன்று புள்ளி (...) போட்டு அரேயை நகலெடுத்து, நகலைச் சோர்ட் செய்வது. தெரிவை அறையின் ஐடியால் (அந்த அறைக்கே உரிய அடையாளம்) பிடித்து வைப்பது. பட்டியலையே மாற்ற வேண்டுமென்றால் பிள்ளை எமிட் செய்து (தாய்க்குச் செய்தி அனுப்பி) சொல்லட்டும், மாற்றுவது தாயின் வேலை.

கேட்காமலே இன்னொன்றும் கீழே எழுதியிருந்தீர். புரொப்பின் பெயருக்கு முன்னால் முக்காற்புள்ளி (:) இல்லாமல் 4500 என்று கொடுத்தால் அது எண்ணாகப் போகாது, எழுத்தாகப் போகும். அதோடு 500 கட்டணத்தைக் கூட்டினால் 4500500 வரும். எத்தனை பேருக்கு இது பின்னால் உதவப்போகிறது!

தம்பி, உமது மாதிரி எங்கள் நிரலோடு சேர்ந்தே இருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதலில் அதைத்தான் ஓட்டிக் காட்டுவோம். புரொப்பாக வந்த அரேயை மாற்றும் எந்த வரியையும் இனி நாங்கள் ஏற்கமாட்டோம்.

நன்றியுடன்,
பதிவுப் பக்கக் குழு, திருகோணமலை