வகுப்பறைத் தொழில்நுட்பத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் பொறுப்பில் உள்ள பள்ளிகளின் வகுப்பறைகளில் தொழில்நுட்ப வசதி செய்யும் பணி முடிந்துவிட்டது. மின்வேலை, கேபிள், வைஃபை, திரைகள், மாணவர் கருவிகள் எல்லாம் பள்ளிகளிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. தணிக்கையும் ஆகிவிட்டது. வரவு செலவுக் கணக்கு தனியாக இணைக்கப்பட்டிருக்கிறது. தொகைகளை அங்கே பார்த்துக்கொள்ளலாம். கடந்த பொதுக்குழுவில் இரண்டு கேள்விகள் சூடாக எழுந்தன. இவ்வளவு வசூலித்தும் பிள்ளைக்கு ஒரு டேப்லெட் ஏன் இல்லை? போட்ட கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் ஏன் போட்டீர்கள்? இரண்டுக்கும் பதில் சொல்லக் குழு கடமைப்பட்டிருக்கிறது.

முதலில் டேப்லெட். திட்டம் போடத் தொடங்கியபோது கருவிகளின் விலைப்பட்டியலை நாங்கள் கையில் எடுக்கவில்லை. ஆசிரியர்களிடம் போய், கரும்பலகையை வைத்துக்கொண்டு எந்தப் பாடத்தை நடத்தச் சிரமப்படுகிறீர்கள் என்று கேட்டோம். செல் பிரிவதை அசைவாகக் காட்ட முடியவில்லை என்றார் உயிரியல் ஆசிரியை. சமன்பாட்டில் ஓர் எண்ணை மாற்றினால் வரைபடம் எப்படிச் சாய்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் கணித ஆசிரியர். மொழி ஆசிரியர்கள் நல்ல ஒலிபெருக்கி கேட்டார்கள். எல்லோரும் ஒரே குரலில் சொன்னது ஒன்றுதான்: பாடத்தின் நடுவே எதுவும் நின்றுபோகக் கூடாது. பிள்ளைக்கு ஒன்று என்று யாரும் கேட்கவில்லை.

வெளியே நடந்ததையும் பார்த்தோம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் 2013-ல் எல்லா மாணவர்களுக்கும் ஐபேட் கொடுக்கத் தொடங்கியது. கொடுத்த சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கான மாணவர்கள் அதிலிருந்த இணையத் தடுப்பைத் தாண்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டே ஐபேட் வாங்கும் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. பெரு நாட்டில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். அங்கே 319 ஊரகத் தொடக்கப் பள்ளிகளை வைத்து அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கி ஆய்வு செய்து 2012-ல் வெளியிட்டது. கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உறுப்பினர்களின் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படித்த பிறகு வேறு முடிவு எடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அதனால் கருவிகளைப் பொதுவில் வைத்தோம். சார்ஜ் ஏற்றும் தள்ளுவண்டி ஒவ்வொன்றிலும் ஒரு வகுப்புக்குப் போதுமான டேப்லெட்டுகள் இருக்கும். வேண்டிய ஆசிரியர் முதல் நாளே பதிவேட்டில் எழுதிவைத்து எடுத்துக்கொள்வார். மிச்சமான பணம் சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் போயிருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் இத்தனை சந்தேகம் என்பது எங்களுக்குப் புரிகிறது.

அடுத்தது கேபிள். இதை விவரமாகவே சொல்ல வேண்டும்.

வைஃபை கருவிகளுக்குத் தனியாக மின் இணைப்பு இழுக்காமல், நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுப்பதுதான் திட்டம். எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் ஸ்விட்ச் என்ற நெட்வொர்க் பெட்டியின் ஒவ்வொரு போர்ட்டும் (கேபிள் செருகும் துளை) 30 வாட் வரை கொடுக்கும். அத்தனையும் தலைமுடி போன்ற மெல்லிய கம்பிகளில்தான் போக வேண்டும். எனவே கம்பி முழுக்கச் செம்பாக இருக்க வேண்டும், நெட்வொர்க் கேபிளுக்கான கேட் 6 தரத்தில் இருக்க வேண்டும், எந்த இணைப்பும் மொத்தம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம். "முழுச் செம்பு" என்ற சொல் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. ஒப்பந்ததாரர் அந்தப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

முதல் பள்ளியில் வேலை முடிந்து வைஃபையை ஓடவிட்டோம். மாணவர் இல்லாத நேரத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. வகுப்பு நிறைய டேப்லெட்டுகள் ஒரே நேரத்தில் இணைந்ததும், கடைசி அறைகளில் உள்ள வைஃபை கருவிகள் அணைந்து அணைந்து எரிந்தன. கருவி பழுது என்றார் ஒப்பந்ததாரர். கருவியை இடம் மாற்றிப் பார்த்தோம். முதல் அறையில் மாட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. கடைசி அறைக்குக் கொண்டுபோனால் அதே தொல்லை. பிறகு ஸ்விட்சைக் குறை சொன்னார். அதையும் மாற்றிப் பார்த்தாயிற்று.

குழுவில் மின்வேலை தெரிந்த உறுப்பினர் ஒருவர் வெட்டிப்போட்ட கேபிள் துண்டு ஒன்றை எடுத்து, மேலுறையை உரித்து, உள்ளே இருந்த கம்பியைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டினார். மேலே செம்பு நிறம். இரண்டு சுரண்டலில் அது போய், உள்ளே வெள்ளி மாதிரி வெளுப்பாகத் தெரிந்தது. அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு! அதே கம்பியை விரலால் நாலு தடவை மடக்கி நிமிர்த்தியதும் பட்டென்று ஒடிந்தது. செம்பு அவ்வளவு சுலபத்தில் ஒடியாது.

இந்த வகைக் கம்பியில் மின்தடை செம்பைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. தூரம் கூடக் கூட மின்னழுத்தம் குறையும். கருவி அதிகமாக இழுக்கும் நேரத்தில் போதாமல் அணைந்துபோகும். அதைவிடக் கவலை, கட்டுக்கட்டாகக் குழாய்க்குள் கிடக்கும் கேபிள் சூடாவது. கேட் 6 தரம் என்பதே முழுச் செம்புக்குத்தான்; பூச்சுக் கம்பிக்கு அந்தப் பெயர் பொருந்தாது. உறையின் மேல் கேட் 6 என்று அச்சடித்திருந்தது உண்மைதான். ஒப்பந்ததாரர் கடைசிவரை அந்த அச்சைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். டெஸ்டரில் எல்லா விளக்கும் பச்சையாக எரிகிறதே என்றும் கேட்டார். அந்தச் சின்ன டெஸ்டர் எட்டுக் கம்பியும் சரியான வரிசையில் போய்ச் சேர்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். உள்ளே இருப்பது என்ன உலோகம், எவ்வளவு மின்தடை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அளந்து சான்று தரும் பெரிய கருவியை வாடகைக்கு எடுத்து ஒவ்வொரு இணைப்பையும் அளந்தோம். அந்த அறிக்கைகள் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

"தூரத்து அறைகளுக்கு மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், மற்றது இருக்கட்டும்" என்று ஒப்பந்ததாரர் சமரசம் பேசினார். உறுப்பினர்கள் சிலரும் அதையே சொன்னார்கள். பள்ளி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் அவர்கள் அவசரம் நியாயமானது. குழு ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் உட்காரும் அறையின் கூரைக்கு மேல் சூடாகும் கம்பியை விட்டுவைத்துவிட்டு, நாளைக்கு ஏதாவது ஆனால் பெற்றோர் முகத்தில் எப்படி விழிப்பது? முழுவதையும் பிடுங்கச் சொன்னோம். இந்த முடிவில் எங்களுக்கு இப்போதும் துளியும் தயக்கம் கிடையாது.

அப்புறம் பில் தகராறு. பிடித்தம் செய்து வைத்திருந்த தொகையை விடுவிக்க முடியாது என்றோம். ஒப்பந்ததாரர் வேலையாட்களை நிறுத்திவிட்டார். பேசிப் பேசிக் கடைசியில், சுவர் கொத்தியது, குழாய் பதித்தது, ஸ்விட்சுகளை வைக்கும் ரேக் மாட்டியது ஆகிய வேலைகளுக்குக் கூலி கொடுத்துவிடுவது, கேபிளை அவரே திரும்ப எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அந்தக் கூலியைக் கொடுத்தது ஏன் என்று கேட்கிறார்கள். குழாய் ஒழுங்காகப் பதிக்கப்பட்டிருந்தது. அந்த உழைப்பு வேலையாட்களுடையது. அதே குழாய்களில்தான் புதுக் கேபிளை இழுத்தோம், அதனால் சுவரை மறுபடி உடைக்கும் செலவு மிச்சமானது. புதுக் கேபிள் பெட்டி ஒவ்வொன்றையும் வாங்கியதும் உரித்துச் சுரண்டிப் பார்த்த பிறகே மாடிக்கு ஏற்றினோம். மதிப்பீட்டைத் தாண்டிய செலவில் பெரும்பகுதி இந்த மறுவேலையும், வாடகைக் கருவியும்தான்.

வைஃபை கருவிகளை நடைபாதையில் வைக்காமல் அறைக்குள் வைத்தது ஏன் என்றும் கேட்டிருந்தார்கள். தடித்த சுவர் அலையை விழுங்கிவிடும். மேலும் வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று. நீண்ட நடைபாதையில் வரிசையாக வைத்தால் ஒன்றை ஒன்று கெடுத்துக்கொள்ளும்.

எர்த்திங், புதிய மின்பலகைகள், திரைகள், ஒலிபெருக்கி, யுபிஎஸ் ஆகியவை குறித்த காலத்தில், குறித்த தொகைக்குள் முடிந்தன.

பழைய அலுவலகக் கணினிகளை நன்கொடையாகக் கொடுக்க வந்த ஓர் அன்பரிடம் பெரும்பாலானவற்றை வேண்டாம் என்று சொன்னதில் சிலருக்கு வருத்தம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. அந்தக் கணினிகள் விண்டோஸ் 11-ஐ ஏற்காத வகை. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் மாணவர் விவரங்களை வைக்க முடியாது. நல்ல நிலையில் இருந்த சிலவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டு நூலகத்தில் வைத்திருக்கிறோம். அந்த அன்பர் நிலைமையைக் கேட்டதும், கணினிக்குப் பதிலாக ஒரு தள்ளுவண்டிக்கான முழுத் தொகையையும் கொடுத்தார். அவருக்கு நன்றி.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். யுபிஎஸ் பேட்டரிகளை ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சேர்ந்து கொடுத்தார்கள். திரைகளுக்குப் பழைய மாணவர்கள் ஆண்டுவாரியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒலிபெருக்கிகள் ஒரு மருத்துவக் குடும்பத்தின் நன்கொடை. தள்ளுவண்டிகளை இரண்டு பெற்றோர் குழுக்களும், வெளிநாட்டில் பணிபுரியும் முன்னாள் மாணவியர் சிலரும் ஏற்றார்கள். ரேக்குகள் ஒரு பொறியாளர் கொடுத்தவை; அவர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மறுவேலைக்குப் பணத் தட்டுப்பாடு வந்தபோது, கேட்காமலே இரண்டாம் முறை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். பள்ளிகளின் துப்புரவுப் பணியாளர்கள் தங்களுக்குள் சேர்த்துக் கொடுத்த தொகையும் அதில் அடக்கம். பெயர் போடச் சம்மதித்தவர்கள் எல்லோருடைய பெயரும் தொகை வித்தியாசம் இல்லாமல் அகரவரிசையில் பெயர்ப்பலகையில் இருக்கும்.

ஆசிரியர் பயிற்சியை ஒரே நாளில் கூட்டம் போட்டு முடிக்கவில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் ஆர்வமுள்ள இரண்டு ஆசிரியர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்து, அவர்கள் சக ஆசிரியர்களின் வகுப்பிலேயே கூட இருந்து உதவுமாறு ஏற்பாடு. கருவியைத் தொடத் தயங்கிய மூத்த ஆசிரியை ஒருவர் இப்போது வரைபடப் பாடத்தைத் திரையில் நடத்துவதைப் போய்ப் பார்த்தோம். கடைசி பெஞ்சு மாணவன் எழுந்து வந்து, கோட்டைத் தானே நகர்த்திக் காட்டினான். அந்த ஒரு வகுப்பைப் பார்த்ததில் குழுவினர் பட்ட பேச்செல்லாம் மறந்துபோனது.

இனி உறுப்பினர்கள் தீர்மானிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. யுபிஎஸ் பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மாற்ற வேண்டியது. டேப்லெட்டுகளும் காலத்துக்கும் உழைக்காது. ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, அதை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை வரும் பொதுக்குழுவில் குழு முன்வைக்கிறது. தீர்மான வரைவும், ஒப்பந்த நகலும், பில்களும், சுரண்டிப் பார்த்த அந்தக் கேபிள் துண்டும் அலுவலகத்தில் இருக்கின்றன. பொதுக்குழுவுக்கு முன்பே வந்து பார்த்துவிட்டால் கூட்டத்தில் பேச வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு