மலைப் பிள்ளைக்குக் கணக்குத் தெரியும், டீச்சர்

ஏற்காடு மலையில் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கும், அவர்களுக்குப் பயிற்சி நடத்துபவர்களுக்கும்,

வணக்கம். இங்கே மாலை வேளையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லித் தருகிறவள் நான். உங்களில் பலர் தினமும் காலை பஸ் பிடித்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்திலிருந்து வருகிறீர்கள். வந்ததும் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளைச் சமாளிக்கிறீர்கள். அந்தச் சிரமம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

"வாயே திறக்க மாட்டேங்குது, மண்டையில எதுவும் ஏறல." எங்கள் பிள்ளைகளைப் பற்றி அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. என் மனசு ஆறவில்லை.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சின்னப் பெண். காபிப் பழம் பறிக்கும் காலத்தில், சாயங்காலம் எடை போடும் இடத்தில் அம்மாவின் சாக்கை ஒட்டி நின்றிருந்தாள். 38 கிலோ என்றார்கள். "நேத்து 41. மூணு கொறஞ்சிருச்சும்மா" என்றாள், யாரும் கேட்காமலே. மறுநாள் சிலேட்டில் 41-இலிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னேன். 8-இல் 1 போனால் 7, 4-இல் 3 போனால் 1. விடை 17 என்று எழுதினாள்.

பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் வியாபாரம் செய்யும் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 1985-இல் வெளிவந்தது. தேங்காய் விற்கும் 12 வயதுப் பையன், ஒரு காய் 35 என்றால் நான்கு காய் 140 என்று வாயாலேயே சரியாகச் சொன்னான். அதே 35 பெருக்கல் 4-ஐத் தாளில் கொடுத்தபோது 200 என்று எழுதினான். வியாபாரத்தின் நடுவே கேட்டபோது அந்தப் பிள்ளைகளின் விடைகளில் 98 சதவீதம் சரி. வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான்.

பிள்ளைகள் ஏறத்தாழ 7 வயதிலிருந்து 11 வயதுவரை கண்ணெதிரே இருக்கும் பொருளைப் பற்றிக்கொண்டுதான் ஒழுங்காக யோசிப்பார்கள் என்றார் குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே. சரி, எந்தப் பொருள்? அதை வீடுதான் முடிவு செய்கிறது. இங்கே காபி, மிளகு, சாமை. கீழே சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளியும் கிராமும். தறி வீட்டுப் பிள்ளைக்கு இழையும் முழமும். எல்லாருக்கும் ஒரே படத்தில் ஒரே ஆப்பிளை எண்ணச் சொன்னால், சில பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வர வேண்டியிருக்கிறது.

பேச்சும் அப்படித்தான். எங்கள் மலையாளிப் பழங்குடி மக்கள் கேரளத்துக்காரர்கள் இல்லை, காஞ்சிபுரத்திலிருந்து வந்த கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். பேசுவது தமிழ்தான். ஆனால் அதன் ராகம் புத்தகத்தில் இல்லை. பிள்ளை பேசியதும் "ஒழுங்காப் பேசு" என்று திருத்தினால் அடுத்த வாரம் அது பேசாது. சேர்வராயன் குகைக் கோயில் திருவிழாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், நிறுத்தவே மாட்டார்கள். அந்தப் பேச்சை அப்படியே கரும்பலகையில் எழுதி வாசிக்க வையுங்கள், புத்தகத் தமிழ் பின்னாலேயே வரும். வடக்கிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் சில மாதம் பேசாமலே கேட்டுக்கொண்டிருப்பார்கள். புது மொழிக்குள் வரும் பிள்ளைகளிடம் இது வழக்கமான ஒன்று. அதைக் குறையாகப் பதிவேட்டில் எழுதாதீர்கள். கூடுமானவரை தாய்மொழியில், பயமில்லாமல் கற்க வேண்டும் என்றுதான் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பிரிப்பதில் எனக்கு வருத்தமில்லை. அரும்பில் இருக்கும் பிள்ளைக்கு என்னவெல்லாம் தெரியும் என்று எழுத அதே தாளில் ஓர் இடம் வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

அப்புறம் இரண்டே வேண்டுகோள். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு தராசும் படியும் வையுங்கள். பிள்ளைகள் கையால் நிறுக்கட்டும், அளக்கட்டும், பிறகு எழுதட்டும். அடுத்த பயிற்சி வகுப்பில் அரை நாளை ஒதுக்கி, லயன் வீடுகளில் (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில்) இருக்கும் அம்மாக்களையும் மலைக் கிராமத்துப் பெரியவர்களையும் அழைத்துப் பேசச் சொல்லுங்கள். அழைத்து வருவது என் பொறுப்பு. கார்த்திகைக்கு முன்னால் வைத்துக்கொண்டால் நல்லது, பழம் பறிப்பு மும்முரமாகிவிட்டால் அவர்களுக்குப் பகலில் நேரம் கிடைக்காது.

அன்புடன்,
மாலைப் பாடம் எடுக்கும் அக்கா,
ஏற்காடு