ஞாயிறு கூடுகைக்கு வருமுன் வாசிக்க

அன்பானவர்களே, ஸ்தோத்திரம். வேலைக்குப் போகிறவர்களின் கூடுகை இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நடக்கும். 2 இராஜாக்கள் 12-ஐ வாசித்துவிட்டு வாருங்கள்.

யூதாவை ஆண்ட யோவாஸ் ராஜாவின் 23-ஆம் வருஷம் வரைக்கும் ஆசாரியர்கள் ஆலயத்தைப் பழுதுபார்க்காமலே விட்டிருந்தார்கள். அப்புறம்தான் ஆசாரியரான யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டு வைத்தார். அதில் சேர்ந்த பணம் எண்ணப்பட்டு, வேலையை மேற்பார்த்தவர்கள் கைக்குப் போனது. அவர்கள் தச்சருக்கும் கொத்தருக்கும் கூலி கொடுத்தார்கள். 15-ஆம் வசனத்தைப் பாருங்கள்: அவர்கள் உண்மையாய் நடந்ததால் அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. ஆசாரியர்கள் தவறவிட்ட நற்சாட்சியை மேஸ்திரிகள் பெற்றார்கள்! எனக்கு மிகவும் பிடித்த வசனம் இது.

சொன்ன நேரத்துக்கு வருவது, ஷிப்ட் முடியும்போது அடுத்தவருக்கு விவரம் சரியாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவது, முடியாததை முன்கூட்டியே தெரிவிப்பது எல்லாம் வேலையில் உண்மையாய் நடப்பதில் சேரும். ஜெபக்கூட்டத்துக்காக வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போவதை விசுவாசம் என்று என்னால் சொல்ல முடியாது. தினம் மூன்று வேளை ஜெபித்த தானியேலின் உத்தியோகத்தில் எதிரிகளாலும் குறை காண முடியவில்லை (தானியேல் 6:4).

ஷிப்ட் காரணமாக வர முடியாதவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கே எழுதுங்கள், வேறு நேரம் பார்க்கலாம்.